இரவு மாத்திரையும் இடது கண்ணும்

கொழிஞ்சாம்பாறை,
வைகாசி முதல் வாரம்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் சித்திரை பிறந்த கையோடு வந்து சேர்ந்தது. பேத்திக்குப் பெயர் வைத்தது, தாம்பரம் வீட்டு வாடகைக்காரரோடு நீ நடத்திக்கொண்டிருக்கும் ஓயாத யுத்தம், முழங்கால் வலி எல்லாம் படித்தேன். பாதியை நான் படித்தேன், மீதியைச் சரஸ்வதி படித்துக் காட்டினாள். பதில் இவ்வளவு தாமதமானதற்கும் அதுதான் காரணம். பதறாதே, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இடது கண்ணில் மட்டும் கீழ்ப்பாதிப் பார்வை போய்விட்டது.

கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் கடிதத்தில் இருந்த ஒரு வரி. ‘பிரஷர் இப்போது 110க்கு 60. டாக்டரே மெச்சிக்கொண்டார். ராத்திரி படுக்கும்போது மாத்திரைகளை எல்லாம் மொத்தமாகப் போட்டுக்கொண்டால் விடியும்வரை அசைவில்லை’ என்று பெருமையடித்திருக்கிறாய். சரஸ்வதி அதை வாசித்தபோது இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். அந்த ஒரு வரி இல்லையென்றால் இந்தக் கடிதம் இத்தனை நீளம் வந்திருக்காது.

பங்குனிக் கடைசியில் நடந்தது. இந்தப் பக்கத்து வெயில் உனக்குத் தெரியும், 40 டிகிரியைத் தாண்டினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுகூட அனலாகத்தான் வீசும். முந்தின நாள் தோப்பில் தேங்காய் வெட்டு. வியர்த்த அளவுக்குத் தண்ணீர் குடித்திருக்க மாட்டேன். இரவு வழக்கம்போலப் படுத்தேன். காலையில் பேப்பரை விரித்தபோது இடது பக்கம் கீழே ஏதோ அழுக்குப் படிந்ததுபோல இருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. வலது கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எதிரே நின்ற சரஸ்வதியின் முகம் தெரிகிறது. அவள் கையில் இருந்த காப்பித் தம்ளர் இல்லை, கையும் இல்லை. கொஞ்சம் உயர்த்திப் பிடி என்றேன். தம்ளர் வந்துவிட்டது. இறக்கினாள், மறைந்துவிட்டது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, உறுத்தல்கூடக் கிடையாது. ராத்திரி தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அரைமணி நேரத்தில் தெருவே வைத்தியம் சொல்லியது. உடம்புச் சூடு, தலைக்கு விளக்கெண்ணெய் வை என்றார் ஒருவர். நந்தியாவட்டைப் பூவை ஒற்றச் சொன்னார் இன்னொருவர். அக்கா மகன் மட்டும் எதையும் கேட்காமல் காரை எடுத்து வந்து நின்றான். வேலந்தாவளம் வழியாக நேரே கோயம்புத்தூர். திடீரென்று பார்வை குறைந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது என்பது அவனுக்கு எங்கிருந்தோ தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு வேடிக்கை. ஆதாரில் பாலக்காடு மாவட்டம் என்று பார்த்ததும் அங்கிருந்த பெண் மலையாளத்தில் அச்சடித்த படிவத்தை நீட்டினாள். ஆயுள் முழுக்கத் தமிழ்வழிப் பள்ளியில் இலக்கணம் நடத்தியவனுக்கு! நான் வாயைத் திறந்ததும் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தாள். நம்மைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு இது புதிதா என்ன.

கண் நரம்புக்கென்றே தனியாகப் படித்த மருத்துவர் பார்த்தார். நம் மாணவிகளின் வயதுதான் இருக்கும். கண்ணைப் பார்ப்பதற்கு முன் அவர் கேட்ட கேள்விகள் எனக்கு விசித்திரமாக இருந்தன. மெல்லும்போது தாடை நோகிறதா, தலை வாரும்போது மண்டைத்தோல் வலிக்கிறதா, நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி உண்டா, காய்ச்சல் உண்டா, இளைத்திருக்கிறீர்களா? முறுக்கையே கடித்துத் தின்கிறேன் அம்மா என்றேன். அவர் சிரிக்கவில்லை, உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகுதான் விளக்கினார். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைப் பக்கத்துத் தமனிகளில் ஒருவகை அழற்சி வரும், அதுவும் இப்படித்தான் ஒரே நாளில் பார்வையைப் பறிக்கும். நம் நாட்டவருக்கு அபூர்வம்தான். ஆனால் இருந்துவிட்டால் அன்றைக்கே ஸ்டீராய்டு ஏற்றியாக வேண்டும், விட்டால் சில நாட்களிலேயே அடுத்த கண்ணும் போய்விடலாம். அதனால்தான் அந்த அவசரம். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் எனக்குச் சரியாக இருந்தன.

அடுத்தது பார்வைப் புலச் சோதனை. ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை நுழைத்து, முகவாயைத் தாங்கியில் வைத்து, நடுவில் உள்ள புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரங்களில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும், தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நெடுநேரம் எதுவும் வரவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது உண்மையில் கீழே வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. தாளில் அச்சாகி வந்ததைப் பார்த்தேன். மேல்பாதி வெளுப்பு, கீழ்ப்பாதி கறுப்பு, நடுவே அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது போன்ற எல்லை.

நோயின் பெயரைச் சுருக்கி என்.ஏ.ஐ.ஓ.என். என்று எழுதினார். பார்வை நரம்பின் முகப்புக்கு ரத்தம் போதாமல் போவது. வெளியில் ‘கண்ணில் வந்த ஸ்ட்ரோக்’ என்று சொல்கிறார்கள். படம் வரைந்து அவர் சொன்னதை நான் நம் ஊர்க்கணக்கில் புரிந்துகொண்டேன், உனக்கும் அப்படியே சொல்கிறேன்.

கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு தொடங்கும் இடம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம். அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள். இந்த வட்டத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயக்கட்டு உண்டு. இரண்டு ஆயக்கட்டுகள் முட்டிக்கொள்ளும் எல்லை பலருக்கு இந்த வட்டத்தின் மேலேயே அமைந்துவிடுகிறது. ஆக, அது கடைமடை. ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக நமக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் மேலே வரத்துக் குறைந்த வருஷங்களில் மூலத்தரைக் கால்வாயில் முதலில் காய்வது யார் வயல் என்று உன் அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கால்வாய் உடையவில்லை, அடைப்பும் இல்லை. தண்ணீரின் உயரம் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான், கடைசி மடைக்கு ஏறவில்லை.

எனக்கு இன்னொரு கூறும் இருந்திருக்கிறது. பெரும்பாலோருக்கு அந்த வட்டத்தின் நடுவே ஒரு சிறு குழி இருக்குமாம். எனக்குப் பிறவியிலேயே குழி இல்லாத வட்டம், இழைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ரத்தம் குறைந்து சில இழைகள் வீங்கினால் விலக இடமில்லை. வீங்கியது பக்கத்தில் உள்ள நுண்குழாய்களை நெரிக்கும், நெரித்ததால் இன்னும் கொஞ்சம் வீங்கும். என் நரம்பின் மேல்பாதியில் இது நடந்ததால் கீழ்ப்பாதிப் பார்வை போயிற்று. இந்த நோயில் கீழ்ப்பாதி போவதுதான் அதிகம் என்றார். வலது கண்ணிலும் அதே குழியில்லாத வட்டம். இதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

‘எல்லாம் சரி, எனக்குப் பிரஷர் அதிகம் என்றல்லவா மாத்திரை சாப்பிடுகிறேன், ரத்தம் எப்படிக் குறையும்?’ என்று கேட்டேன். அவர் என் மருந்துச் சீட்டுகளை மேசையில் பரப்பச் சொன்னார். ரத்த அழுத்த மாத்திரை ஒரு மருத்துவர் எழுதியது, 0-0-1, அதாவது காலையும் மதியமும் இல்லை, இரவு ஒன்று. புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் வேறொருவர் எழுதியது, அதுவும் 0-0-1. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நம் ஊர் மருந்துக்கடைக்காரர் என்னிடம் தமிழும் அடுத்து நிற்பவரிடம் மலையாளமும் பேசுவார், ஆனால் கவரின் மேல் போடும் இந்த மூன்று எண்கள் எல்லோருக்கும் பொது. நானும் இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுப்பேன். டாம்சுலோசின் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் மருந்து, ஆனால் சிலருக்கு ரத்தக் குழாய்களையும் தளர்த்தி அழுத்தத்தை இறக்கிவிடும். அதுவல்லாமல், மாத்திரையே போடாதவர்களுக்கும் தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குவது இயல்பு. இயற்கை ஒரு பக்கம் இறக்க, மாத்திரைகள் இரண்டும் மறுபக்கம் இறக்க, பின்னிரவில் அளவு எங்கே போய் நிற்கிறது என்பதை யாரும் அளந்து பார்த்ததில்லை. யார் பார்ப்பார்கள்? காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் கையை நீட்டும்போது எடுக்கும் அளவுதானே நமக்கெல்லாம் தெரிந்த பிரஷர்.

அளந்தார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு திரியும் கருவி. அரைமணிக்கு ஒருமுறை தானே புஸ்ஸென்று காற்றை நிரப்பிப் பிடிக்கும். நான் எப்படியோ தூங்கிவிட்டேன், சரஸ்வதிதான் ஒவ்வொரு முறையும் விழித்திருக்கிறாள். பகலில் 130க்கு 80 அளவில் இருந்தது, அதிகாலை மூன்று மணிவாக்கில் 88க்கு 50.

இரவில் இறங்கும் அழுத்தத்துக்கும் இந்த நோய்க்கும் முடிச்சுப் போட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர் பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே. கண்ணின் ரத்த ஓட்டத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். 1994ல் அவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரும்பாலான நோயாளிகள் காலையில் கண் விழிக்கும்போதுதான் பார்வை போனதை உணர்கிறார்கள் என்பது அவருடைய வாதத்தின் ஒரு தூண். எல்லா மருத்துவர்களும் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் நம் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். இரவில் அழுத்தம் இறங்கும் எல்லோருக்கும் கண் போய்விடுவதில்லை. குழியில்லாத வட்டம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூச்சு நின்று நின்று வரும் குறட்டை என்று பலதும் சேர்ந்துகொள்ள வேண்டும். குறட்டையைப் பற்றிக் கேட்டபோது எனக்குப் பதிலாகச் சரஸ்வதியே வாக்குமூலம் கொடுத்தாள். ஆண்மைக்குறைவுக்குச் சாப்பிடும் அந்த நீல மாத்திரை வகை உண்டா என்றும் கேட்டார், அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு பேசப்படுகிறதாம். இதற்குச் சரஸ்வதி சிரித்த சிரிப்பில் அடுத்த அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வைத்தியம் என்ன என்பாய். போனதைத் திருப்பிக் கொண்டுவர நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. 1990களில் அமெரிக்காவில் நரம்பின் உறையைக் கீறிவிடும் அறுவைச் சிகிச்சையைச் சோதித்துப் பார்த்து, பயனில்லை, கெடுதலும் ஆகலாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த ஆய்விலேயே ஒரு ஆறுதல் கிடைத்தது. கத்தி வைக்காமல் விட்டவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு ஆறு மாதத்தில் தாமாகவே எழுத்துப் பலகையில் மூன்று வரி கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த கண்ணுக்கும் வரும் வாய்ப்பு ஐந்து ஆண்டுகளில் 15 சதவீதம் அளவில். நான் அந்த 85 பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறேன். அதற்காகத்தான் மருத்துவர்கள் தங்களுக்குள் போனில் பேசி, அழுத்த மாத்திரையைக் காலைக்கு மாற்றினார்கள். புராஸ்டேட் மருந்தும் வேறாகிவிட்டது. தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று ஒரு சோதனை பாக்கி இருக்கிறது.

இரவில் போட்டால்தான் இதயத்துக்கு நல்லது என்று உனக்கு யாராவது சொல்லியிருக்கலாம், எனக்கும் சொன்னார்கள். பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2022ல் வெளிவந்தது. காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே காலைக்கு மாற்றுவதால் இதயத்துக்கு நஷ்டம் என்ற பயம் வேண்டாம்.

இப்போது உன் விஷயம். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, குனிந்து எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்றாய். இரண்டு விநாடியில் தெளிந்துவிடுகிறது என்று நீயே அதைத் தள்ளிவிட்டாய். அது என் நோய் இல்லை. எழும்போது ரத்தம் காலுக்கு இறங்குவதால் வருவது. கண்ணுக்குள்ளும், பிரஷர் அளக்கும் அதே கணக்கில் 10 முதல் 21 வரை, அதற்கென்று ஓர் அழுத்தம் இருக்கிறது, வரும் ரத்தம் அதை மீறித்தான் நுழைய வேண்டும். அதனால் மொத்த அழுத்தம் சரிந்தால் மயக்கம் வருமுன் கண்தான் முதலில் மங்கும். உன் வீட்டிலேயே கருவி இருக்கிறதே. ஐந்து நிமிஷம் படுத்திருந்து ஒருமுறை பார். எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் பார். மேலளவு 20, அல்லது கீழளவு 10 இறங்கினால் அதைத் தாளில் குறித்து உன் டாக்டரிடம் காட்டு. உன் மாத்திரைகள் அத்தனையையும், மூட்டுவலிக்கும் தூக்கத்துக்கும் நீயாக வாங்கிப் போடுவதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு அவர் மேசையில் கொட்டு. இரவில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பார்க்கலாமா என்று வாயைத் திறந்து கேள். 110க்கு 60 என்பது பகல் கணக்கு.

ஆனால் சுந்தரம், ஒன்றைக் கவனமாகக் கேள். மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. என் கதையைக் கேட்டுவிட்டு மேற்குத் தோட்டத்துக்காரர் தன் பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். ‘வாத்தியாருக்கே கண்ணைப் பிடுங்கிய மாத்திரை எனக்கெதற்கு?’ என்பது அவர் நியாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது 190 இருந்தது. வகுப்பில்கூட நான் யாரையும் அப்படித் திட்டியதில்லை. அவருக்கு ஏறினால் மூளையில் குழாய் வெடிக்கும், அதற்கும் கடைமடை, தலைமடை என்ற பேதம் கிடையாது. நேரத்தையும் அளவையும் மாற்றுவது எழுதிக் கொடுத்தவர் வேலை, நம்முடையது கேட்பது.

எனக்கு இப்போது பரவாயில்லை. நரம்பின் வீக்கம் வடிந்துவிட்டது, வட்டம் பாதி வெளுத்துவிட்டதாம், அது அப்படித்தான் இருக்கும். இரண்டு கண்ணையும் திறந்திருந்தால் வலது கண் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. இடது முழங்காலுக்குப் பக்கத்தில் வருவதுதான் தெரிவதில்லை. நாய், படிக்கட்டு, வாய்க்கால் கரை. ஸ்கூட்டரை அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன். நெடுநேரம் படித்தால் இரண்டு கண்களும் ஒத்துப்போகாமல் சீக்கிரம் சலித்துவிடுகின்றன. எழுதுவது கை பழகியது, அதற்குக் குறைவில்லை, பார்க்கிறாயே.

ஆவணியில் பொள்ளாச்சியில் கனகராஜ் மகள் கல்யாணம். சித்தூர் கல்லூரிக் கூட்டத்தில் மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் வருகிறார்கள். நீ ரயிலில் கோயம்புத்தூர் வந்து அங்கிருந்து பஸ் ஏறிவிடு, முதல் நாளே வந்தால் நம் வீட்டில் தங்கலாம். முதலமடை மாம்பழம் அதற்குள் முடிந்துவிடும், அதனால் இந்த வாரமே ஒரு பெட்டி பார்சலில் அனுப்புகிறேன். உன் சர்க்கரைக்குப் பேத்தி சாப்பிடட்டும். கருவியில் பார்த்த அளவுகளை, படுத்தது வேறு நின்றது வேறு என்று பிரித்து, அடுத்த கடிதத்தில் எழுது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு.

உன்,
ராமசாமி